பேச்சு தானாக வராது

போன மாதம் எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பக்கவாதம் பற்றிப் பேச ஒரு டாக்டரை அழைத்திருந்தோம். நன்றாகப் பேசினார். முகம் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நாலரை மணி நேரத்துக்குள் போனால் ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போட வாய்ப்பு உண்டு என்றார். பிரஷர், சர்க்கரை, உப்பு, பீடி எல்லாம் வந்தது. பிறகு பிசியோதெரபி. சங்கப் பொருளாளரையே நாற்காலியில் உட்கார வைத்து, கையை எப்படி நீட்டுவது, காலை எப்படி மடக்குவது என்று செய்து காட்டினார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். "பேச்சு போனவங்களுக்கு என்ன செய்யணும் டாக்டர்?"

"அது கொஞ்சம் கொஞ்சமா தானா வரும் சார். நிறைய பேச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். "தானா வரும்" என்ற இந்த வார்த்தையை நான் கேட்பது முதல் தடவை இல்லை. முதலில் கேட்டபோது நம்பினேன். நம்பியதற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை எனக்குத் தெரியும். இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் அக்காவின் கணவர், அத்தான், சோழன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கும்பகோணம் - தஞ்சாவூர் ரூட்டில் அவர் குரல் தெரியாதவர்கள் குறைவு. படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஒரு சத்தத்தில் உள்ளே இழுத்துவிடுவார். 2022 ஐப்பசியில் ஒரு விடியற்காலை, பல் தேய்க்கப் போன இடத்தில் சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த நாள் நடந்தது. கண் விழித்துவிட்டார், முழிப்பாக இருக்கிறார் என்று ஆயா ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அக்காதான் புகட்டினாள். இருமினார். "மெதுவா குடுங்கம்மா" என்றார்கள். மெதுவாகக் கொடுத்தாள். மறுபடியும் இருமினார். மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி, மூச்சுத் திணறல். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியா ஆகிவிட்டது. திரும்பவும் ஐ.சி.யூ. ஒன்பது நாள். பில் ஒரு லட்சத்து எழுபதாயிரம்.

பக்கவாதம் வந்தவருக்கு நாக்கும் தொண்டையும்கூடப் பலவீனமாக இருக்கும், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்கூட விழுங்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிச் சோதித்து, எதை எந்தப் பதத்தில், எப்படி உட்கார வைத்து, தலையை எப்படி வைத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று சொல்வதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள். பேச்சு மட்டுமல்ல, விழுங்குவதும் அவர்கள் வேலைதான். அந்த ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. மெஷின் இருந்தது. கேன்டீனில் நெய் ரோஸ்ட் இருந்தது. இந்த ஆள் மட்டும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று நான் கேட்டேன், பேச்சுக்கு என்ன வழி என்று. "தானா வரும்" என்றார்கள். அதுவரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள் என்றார் ஒரு நர்ஸ். அக்கா ஸ்லேட்டும் பல்பமும் வாங்கி வந்தாள். அத்தான் இடது கையில் பல்பத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்லேட்டையே பார்த்தார். ஒரு எழுத்தும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? மூளை கலங்கிவிட்டது, மனுஷனுக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்தோம்.

இங்கேதான் நண்பர்களே, நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தில்தான் மொழிக்கான இடம். அங்கே அடிபட்டால் வார்த்தைகளைத் தேடி எடுக்கிற வழி அடைத்துக்கொள்கிறது. பேச்சு போகிற அதே காரணத்தால் எழுத்தும் போகலாம், படிப்பதும் போகலாம். அதனால்தான் ஸ்லேட் உதவவில்லை. ஆனால் புத்தி அங்கேதான் இருக்கிறது. தன் வீடு எது, மகள் யார், யார் தன்னிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வாய்க்கு வராது. இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1861லேயே பாரிஸில் ப்ரோகா என்ற டாக்டர், "டான்" என்ற ஒரே சத்தத்தைத் தவிர வேறு எதுவும் பேச முடியாத ஒரு நோயாளியைப் பார்த்து, அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, இடது பக்கத்துச் சேதத்தை எழுதி வைத்தார். 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊர் வார்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சேராததால் என்ன நடக்கிறது? பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அத்தானிடம் செவிடனிடம் பேசுவது போலக் கத்திப் பேசினார்கள். சிலர் குழந்தையைக் கொஞ்சுவது போலப் பேசினார்கள். அப்புறம் அவரை விட்டுவிட்டு அக்காவிடம் மட்டும் பேசினார்கள். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். டெப்போ நண்பர்கள் நாலு பேர் இருந்தார்கள், தினமும் டீக்கடையில் கூடுகிறவர்கள். பொங்கலுக்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் யோக்கியன் இல்லை. அவர் "அ... அ..." என்று ஆரம்பித்தால் நானே வார்த்தையைப் போட்டு முடித்துவிடுவேன். உதவி செய்வதாக நினைப்பு.

அரசாங்கத்தைக் குறை சொல்வதற்கு முன் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. பிசியோதெரபி செய்கிற பெண்ணும் வீட்டுக்கு வந்தார். தங்கமான பெண். அவர் புண்ணியத்தில் அத்தான் மார்ச் மாதம் கைத்தடி பிடித்து நடந்தார். ஒருநாள் அவரிடமே கேட்டேன், "காலுக்கு நீங்க வர்றீங்க, பேச்சுக்கு யாரும்மா வருவாங்க?" "எங்க டீம்ல அப்படி யாரும் இல்லீங்க சார்" என்றார். வீடு தேடி வருகிற அந்தத் திட்டத்தில் காலுக்கு ஆள் உண்டு, நாக்குக்கு ஆள் இல்லை.

கடைசியில் வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பெண். அவள் குழந்தைக்குக் காது கேட்காமல் காக்ளியர் கருவி பொருத்தியிருந்தார்கள். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குத் தஞ்சாவூர் போய் வருவாள். "அந்த மேடம் பெரியவங்களுக்கும் பாக்குறாங்க பெரியப்பா" என்றாள். ஆறு மாதம் பக்கத்துச் சுவரில் இருந்த விஷயம்! பேச்சுப் பயிற்சி என்றால் குழந்தைகளுக்கு என்றே நினைத்திருந்தோம்.

2023 ஏப்ரலில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். கண்டக்டர் பையன் அத்தானை அடையாளம் கண்டுகொண்டு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தான். தாராசுரம் தாண்டியது. சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டியது. பஸ் வேகத்தைக் குறைத்தபோது அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்: "பாபநாசம்." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொடர்ந்து ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை. ஒன்றுகூடத் தப்பவில்லை. "தண்ணி" என்று சொல்ல வராத மனுஷன்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. ஒன்று, இரண்டு எண்ணுவது, கிழமைகள், சாமி பாட்டு, இப்படி வருஷக்கணக்கில் வரிசையாகச் சொல்லிப் பழகியது வேறு தடத்தில் வரும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற வார்த்தைகளுக்குப் போக வேண்டும் என்றார். அவர் முதலில் எடுத்த படக் கட்டில் முள்கரண்டி, ஸ்ட்ராபெரி, பனி மனிதன் எல்லாம் இருந்தன. எங்கிருந்தோ அச்சடித்து வந்தது. அத்தான் முழித்தார். அந்த அம்மா அதை மூடி வைத்துவிட்டு, "அடுத்த தடவை வீட்டுல இருக்கற பழைய டிக்கெட் பை, விசில், எதுவானாலும் கொண்டுவாங்க" என்றார். ஊர்ப் பெயரில் ஆரம்பித்து, அங்கே யார் இருக்கிறார்கள், அங்கே என்ன கிடைக்கும் என்று ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார். எட்டு மாதம் கழித்து அத்தான் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்று இரண்டு, மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறார். "காபி வேணாம், டீ" என்கிறார். முழுதாக வரவில்லை, வருமா என்பதும் தெரியாது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்போதே வந்திருக்கலாமே என்று அந்த அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இது ஏதோ நம்பிக்கை வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016ல் காக்ரேன் அமைப்பு 57 ஆய்வுகளை, 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, பக்கவாதத்துக்குப் பின் வரும் அஃபேசியாவுக்குப் பேச்சுப் பயிற்சி பலன் தருகிறது என்று சொல்லியிருக்கிறது. "தானா வரும்" என்பதற்கு யாராவது இப்படி ஓர் ஆதாரம் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சரி, ஏன் இப்படி? ஆள் படிக்கவில்லையா? படிக்கிறார்கள். மைசூரில் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965லேயே தொடங்கியாயிற்று. சென்னையிலும் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்து, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து நாலு வருஷப் படிப்பு. ஆனால் இந்தத் தொழில் எந்த வீட்டுப் பிள்ளை என்பதில்தான் குழப்பம். மைசூர் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ். அங்கே படித்து வெளியே வருகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதோ 1992 சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில். அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ். 2021ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, லேப், எக்ஸ்ரே எல்லோரும் சுகாதாரத் துறை வீட்டுக்குள் போய்விட்டார்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். நாற்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இதன் அர்த்தம் புரியும். இரண்டு இலாகாவுக்கு நடுவில் மாட்டிய ஃபைலுக்கு இரண்டு பேருமே பொறுப்பில்லை.

இன்னொரு வேடிக்கை. பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் அந்த 1992 சட்டப்படி ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! மூன்று மாத கோர்ஸ் முடித்துவிட்டுப் போர்டு மாட்டுகிறவனுக்கு இரண்டு சிட்டிங்கில் அது வந்துவிடும். நீங்கள் போகும்போது பதிவு எண் என்ன என்று தைரியமாகக் கேளுங்கள். உண்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டத்தில் இருப்பதாவது கிடைக்கிறதா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அஃபேசியா என்ற சொல்லே அதில் இருக்கிறது. நாங்கள் முகாமுக்குப் போனோம். கையை அளந்தார்கள், காலை அளந்தார்கள். பேச்சை யாரும் அளக்கவில்லை. கேட்டதற்கு, "அதுக்கு ஆளு வரலை" என்றார்கள். இன்ஷூரன்ஸோ, ஒன்பது நாள் ஐ.சி.யூ. பில்லை ஓரளவு கொடுத்தது. ஒரு சிட்டிங்குக்கு 500 ரூபாய் பயிற்சியைக் கொடுக்க மறுத்துவிட்டது. வெளிநோயாளியாம். ஆரம்பத்திலேயே அந்த 500 ரூபாய் ஆள் வார்டில் இருந்திருந்தால் ஐ.சி.யூ. பில்லே வந்திருக்காதே என்று லெட்டர் போட்டேன். பதில் இல்லை.

"பிசியோதெரபிக்கே ஆள் பத்தலை, நீ பேச்சுக்குக் கேக்குறியே" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் 2013ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் மாவட்ட இடையீட்டு மையங்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் பதவி வைத்தாயிற்று. 18 வயது வரை உள்ளவர்களுக்கு. மிகவும் நல்லது. அதே போலப் பெரியவர்கள் வார்டுக்கும் ஒரு பதவி போட்டால் வானம் இடிந்து விழாது. கிழவன் இனிமேல் பேசி என்ன ஆகப் போகிறது என்ற நினைப்புதான் உள்ளே இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

பேச்சுப் பயிற்சித் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கவுன்சிலிலேயே இருப்பதா, சுகாதாரத் துறைக்குப் போவதா, தனிக் கவுன்சில் கேட்பதா என்று உங்களுக்குள் விவாதம் நடப்பதாக அந்த அம்மா சொன்னார். நடக்கட்டும், அது முக்கியம்தான். ஆனால் நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறீர்கள், எங்களிடம் பேசுவதில்லை. அமெரிக்காவைப் பாருங்கள். 1997ல் அங்கே முதியோருக்கான மெடிகேரில் ஒரு சட்டம் வந்தது. பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர்தான் என்று உச்சவரம்பு. காலா, நாக்கா, எது வேண்டும் என்று கிழவனே முடிவு செய்துகொள் என்ற கணக்கு. 1925ல் தொடங்கிய அவர்களுடைய சங்கம், மற்ற தெரபிஸ்ட்டுகளையும் நோயாளிகளின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு விடாமல் போராடியது. 2018ல் அந்த வரம்பு போயிற்று. இருபது வருஷம் பிடித்தது. நம்முடைய சங்கமும் 1960களில் பிறந்ததுதான். பக்கவாத வார்டுகளில் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவதற்கு எந்தக் கவுன்சிலின் உத்தரவும் வேண்டாமே. முள்கரண்டிக்குப் பதில் ஆப்பைக்கூடு, ஸ்ட்ராபெரிக்குப் பதில் நெல்லிக்காய் போட்டு ஒரு படக் கட்டு அச்சடிக்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டாம்.

மற்ற நோயாளிகள் வார்டில் கத்துவார்கள், மனு எழுதுவார்கள், பேப்பர்காரனைக் கூப்பிடுவார்கள். பேச்சு போனவன் எதையும் செய்ய முடியாது. அவனுக்கு என்ன குறை என்று அவனாலேயே சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை வருஷமும் இது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அவனுக்காக நாம்தான் பேச வேண்டும்.

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, பக்கவாதம் பார்க்கிற எந்த ஆஸ்பத்திரியானாலும் விழுங்கும் சோதனை செய்யாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி என்று எழுதுகிற இடத்திலேயே பேச்சுப் பயிற்சி என்றும் எழுத வேண்டும். இரண்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வட்டாரத்துக்கு ஒருவராவது பேச்சுப் பயிற்சியாளர் சேர வேண்டும். மூன்று, முதலமைச்சர் காப்பீட்டிலும் ஓய்வூதியர் காப்பீட்டிலும் வெளிநோயாளியாகப் பெறும் இந்தப் பயிற்சிக்கும் பணம் தர வேண்டும்.

இதையே மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். சங்கத்தில் இதுவரை 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அத்தானுடையது. இடது கையால் போட்டது, கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. தஞ்சாவூருக்கு அவரும் வருகிறார். காலை ஏழேகால் பஸ். வர முடிந்தவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். வழியில் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். பதில் வர ஒரு நிமிஷம் ஆகும். நடுவில் நீங்களே வார்த்தையைப் போட்டு முடித்துவிடாதீர்கள்.